உயிர்வேலி: கிளுவையா, நொச்சியா, ஆடாதோடையா, மருதாணியா?

உயிர்வேலி வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது சீக்கிரம் வளரும்?" என்றுதான். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேலிக்கு வெளியே என்ன மேய்கிறது? வருடாவருடம் வெட்டிக் கழிக்கிற தழையை என்ன செய்யப்போகிறீர்கள்? வெயில் நிறைந்த நிலங்களுக்கு ஏற்ற வேலிச்செடிகள் ஏராளம். இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

தடுப்பது மட்டும்தான் வேலை என்றால் முள்கிளுவையை மிஞ்ச எதுவுமில்லை. சிறு கிளைகளின் நுனியே முள்ளாக முடியும். வெள்ளைப்போளம் தருகிற செடியும் இதுவும் ஒரே பேரினம். தண்டில் ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் மற்றவை வாடுகிற வறட்சியிலும் நின்று பிடிக்கும். விதை தேடி அலைய வேண்டாம், போத்து, அதாவது முற்றிய கிளைத்துண்டு, வெட்டி நட்டால் போதும். ஆனால் வெட்டிய கையோடு ஊன்றக் கூடாது. சில நாள் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் காய்ந்தபிறகு நடவேண்டும். இல்லாவிட்டால் அடியில் அழுகிப்போகும். தண்ணீரை அள்ளி ஊற்றினாலும் இதே கதிதான். அரையடிக்கு ஒரு போத்து, ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகச் சாய்த்து, குறுக்கே கட்டிவிட்டால் வளர வளரப் பின்னிக்கொண்டு இடைவெளி அடைபடும்.

இதன் குறை கோடையில் தெரியும். இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். முள் இருப்பதால் காவல் குறையாது, மறைப்புதான் போய்விடும். தெருவோரப் பார்வைக்கு மறைவு வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. இலையை ஆடு விரும்பித் தின்னும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நட்ட புதிதில் அது தொல்லை, வேர் பிடித்து உயர்ந்தபின் அதுவே வரவு. ஆடு வளர்ப்பவருக்கு வேலியைக் கழிக்கிற ஒவ்வொரு முறையும் தீவனம் கிடைக்கிறது.

நொச்சியும் ஆடாதோடையும் வேறு வழியில் காவல் காக்கின்றன. இரண்டிலும் முள் கிடையாது. நொச்சியின் நெடிக்கும் ஆடாதோடையின் கசப்புக்கும் ஆடுமாடுகள் வாய் வைப்பதில்லை. ஆகவே நட்ட நாள் முதலே காவல் இல்லாமல் வளரக்கூடியவை. ஆனால் தின்னாது என்பதும் நுழையாது என்பதும் ஒன்றல்ல. பசித்த மாடு உள்ளே பச்சையைக் கண்டால் ஆடாதோடையை மிதித்துக்கொண்டு போய்விடும். அதன் தண்டு அவ்வளவு மெத்து. நொச்சியின் தண்டு கொஞ்சம் கட்டையாக முற்றும், வளையுமே தவிர எளிதில் ஒடியாது. அந்த வளையும் விளார்களால்தான் கூடை முடைகிறார்கள்.

இவற்றுக்குள் எது என்றால் வெயிலையும் மண்ணையும் பார்த்துச் சொல்லவேண்டும். நல்ல வெயிலும் நீரோட்டத்தின் கரையும் இருந்தால் நொச்சி. வேர் மண்ணைக் கவ்விப் பிடிப்பதால் கரை சரியாமல் காக்கும். மரநிழல் விழுகிற பக்கமென்றால் ஆடாதோடை. நொச்சி அங்கே நோஞ்சானாகி வெளிச்சம் தேடிச் சாயும். பூவிலும் நொச்சிக்குத் தனி அழகு. அதன் நீலங்கலந்த ஊதாப் பூங்கொத்தில் தேனீக்கள் எப்போதும் மொய்க்கும். கோட்டை மதிலைக் காத்து நின்ற வீரர்கள் நொச்சிப்பூ சூடியதாகப் பழந்தமிழ் இலக்கியம் பேசுகிறது. வேலிக்கு நொச்சியைத் தேர்ந்தெடுக்கிற எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

கழிக்கிற தழை என்ன ஆகும்? நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிப்பது தலைபாரத்துக்கும் சளிக்கும் பழைய கைவைத்தியம். காய்ந்த இலையைத் தானியத்தோடு கலந்து வைத்தால் வண்டு அண்டாது, புகை போட்டால் கொசு விலகும். ஆடாதோடைத் தழை வயலுக்குப் பசுந்தழை உரமாகப் போகும். அதன் இலைச்சாறு இருமலுக்குப் பெயர் பெற்றது. இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க முடியாது: இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் கொண்டது. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. வேலியில் இருக்கிறதே என்று யாருக்கும் பறித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மருதாணியைப் பலர் அழகுச்செடி என்று மட்டும் பார்க்கிறார்கள். முதல் வருடங்களில் மெதுவாக ஏறும், முள்ளும் இருக்காது. வயது கூடக்கூடப் பக்கக் கிளைகள் கூராகி முள்ளாக மாறும். வெட்ட வெட்ட அடர்ந்து வரும், பூத்தால் சுற்றுவட்டாரமே மணக்கும். கையைச் சிவக்க வைக்கிற லாசோன் என்ற நிறப்பொருள் இலையில்தான் இருக்கிறது, எனவே கவாத்து செய்வதே அறுவடை. வீட்டை ஒட்டிய, மேய்ச்சல் இல்லாத பக்கத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். தோட்டத்தின் நீண்ட எல்லைக்கு மருதாணி வைக்காதீர்கள். அது தேறி அடர்வதற்குள் பொறுமை போய்விடும்.

கிளைரிசிடியாவையும் சொல்லவேண்டும். சிலர் சீமைக்கிளுவை என்பார்கள், ஆனால் கிளுவைக்கும் அதற்கும் உறவில்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த அவரைக் குடும்பத்து மரம். தழைச்சத்து நிறைந்த இலை, உரத்துக்கு இதற்கு இணையில்லை. முள்ளில்லாததால் தனியாக வேலியாகாது. கம்பி கட்ட உயிருள்ள தூணாக நடலாம்.

கொம்புக்கள்ளி நீரே கேட்காது, எதுவும் நெருங்காது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வை இழப்பும்கூட வரலாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். உண்ணிச்செடியைப் பூ அழகுக்காக வேலியில் வைப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: வைக்காதீர்கள். அமெரிக்க வெப்பநாடுகளில் பிறந்து, தோட்டச்செடியாகவே உலகெங்கும் கொண்டுபோகப்பட்டு, பறவைகள் வழியே விதை பரவிக் காடுகளை விழுங்கிவிட்டது. தின்னும் கால்நடைகளுக்கும் அது நஞ்சு.

சரி, என் தேர்வு? மேய்ச்சல் பக்கத்து எல்லைக்கு முள்கிளுவை, அதற்கு உட்புறம் நாலடி தள்ளி நொச்சி. நெருக்கி வைத்தால் நொச்சியின் நிழலில் கிளுவை மெலிந்துபோகும். கோடையில் கிளுவை இலை உதிர்க்கும்போது மறைப்பை நொச்சி பார்த்துக்கொள்ளும்.

எதை நட்டாலும், ஓரடி உயரம் வந்ததும் நுனியை ஒடித்துவிட மறக்காதீர்கள். மேலே ஏறட்டும் என்று விட்டால் தலை அடர்ந்து தூர் திறந்துவிடும். ஆட்டுக்குட்டி நுழைவது அந்த வழியாகத்தான். முதல் இரண்டு வருடம் குட்டையாகவே வெட்டி, அடியிலிருந்து பக்கக்கிளை விட வைக்கவேண்டும். அப்புறம் எங்காவது ஓட்டை விழுந்தால் அதே செடியின் கன்றை அங்கே வைத்துப் பயனில்லை, இருபுறமும் வளர்ந்தவை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நிழலைத் தாங்குகிற ஆடாதோடைக் குச்சிகள் மூன்று நான்கை மழைக்கு முன் அங்கே நெருக்கமாக ஊன்றிவிடுங்கள்.