"நாலு வாரத்தில் பிளாக் பெல்ட்" என்று போன் வந்தால்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குவாலிட்டியில் வேலை பார்க்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். "நாலு வீக்எண்டில் சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட், வேலைக்கு நாங்க பொறுப்பு" என்று சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிக்ஸ் சிக்மா என்பது தயாரிப்பில் வரும் குறைகளைப் புள்ளியியல் வழியில் குறைக்கும் முறை. பிளாக் பெல்ட் அதில் ஒரு உயர்ந்த பட்டம், க்ரீன் பெல்ட் அதற்குக் கீழே. என்னிடம் கேட்டது 45,000 ரூபாய். அதுவும் நேரடியாக வாங்கவில்லை. "வட்டி இல்லாத இஎம்ஐ சார்" என்று ஆதார், பான் வாங்கி, என் பெயரில் ஒரு லோன் ஆப்பில் கடன் போட்டார்கள். மொத்தப் பணமும் உடனே அவர்கள் கைக்குப் போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாசம் பிறந்தால் தவணை என் அக்கவுண்டில்தான் பிடிக்கிறான்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 1986-இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் தொடங்கியது, பத்து லட்சத்துக்கு 3.4 குறைதான் இலக்கு. ஸ்லைடைப் பார்த்துப் படித்தார்கள், அவ்வளவுதான்.

மோசடி புராஜெக்டில் இருக்கிறது. பிளாக் பெல்ட் என்றால் நம் லைனில் ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, காரணம் கண்டுபிடித்து, குறைத்துக் காட்ட வேண்டும். எங்கள் பேட்ச் முழுக்க ஒரே எக்செல் ஃபைல்தான் வந்தது. போர் டயாமீட்டர் (துளையின் விட்டம்) ரிஜெக்ஷன் குறைந்ததாக அழகான கிராஃப். "கம்பெனி பேரை மட்டும் மாத்திக்கோங்க" என்றார் டிரெய்னர். ஃபைல் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஆத்தர் இடத்தில் முன்பு படித்த யாரோ ஒருவர் பெயர். என் லைன் டேட்டாவை வைத்துச் செய்கிறேன் என்றேன். "அதெல்லாம் லேட் ஆகும்."

என்னைக் கேட்காமலேயே அந்த ஃபைலை என் ரெஸ்யூமேயோடு ஒரு கம்பெனிக்கு அனுப்பியும் விட்டார்கள். இன்டர்வியூவில் குவாலிட்டி ஹெட் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "தம்பி, இன்ஸ்ட்ருமெண்ட் வெர்னியர்னு போட்டிருக்கு. ரீடிங் 25.013, 25.017னு போகுது. 0.02 லீஸ்ட் கவுண்ட்ல மைக்ரான் எப்படிப்பா எடுத்தீங்க? கேஜ் ஆர் அண்ட் ஆர் எங்க?" அந்த வெர்னியர் காட்டும் மிகச்சிறிய அளவே 0.02 மில்லிமீட்டர், ரீடிங்கோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போகிறது. கேஜ் ஆர் அண்ட் ஆர் என்பது அளக்கும் கருவியையும் ஆளையும் நம்பலாமா என்று பார்க்கும் சோதனை. இது என் வேலை இல்லை சார் என்று நடந்ததைச் சொன்னேன். "தெரியும், போன மாசமும் இதே ஃபைல் வந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு பிபேப் (புதுப் பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் முறை), கண்ட்ரோல் பிளான், 8டி (பிரச்சினை தீர்க்கும் எட்டுப் படி முறை) என்று கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. அந்த ஃபைல் மேலே ஒட்டியிருக்கும்போது யார் நம்புவார்கள்?

பெல்ட்டே வீண் என்று சொல்ல வரவில்லை. வாகன பாகம் செய்யும் சுந்தரம் கிளேட்டன் 1998-லேயே தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊர் இது. இங்கே இன்டர்வியூவில் உட்காருகிறவர்கள் ஏழு க்யூசி டூலிலும் (தரத்தை ஆராயும் அடிப்படைக் கருவிகள்), ஏன் ஏன் என்று கேட்டு மூலகாரணம் தேடும் ஒய்-ஒய் அனாலிசிஸிலும் ஊறியவர்கள். வாகனத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 லைனில் வேலை பார்ப்பவனிடம் எஸ்பிசி (புள்ளியியல் வழிக் கட்டுப்பாடு), எம்எஸ்ஏ (அளவீட்டு முறை ஆய்வு), எஃப்எம்இஏ (எங்கே பழுது வரலாம் என்ற ஆய்வு) தெரியுமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பெல்ட் அதற்கு மேலேதான் வரும்.

சிக்ஸ் சிக்மாவுக்கு இவர்தான் சொந்தக்காரர் என்று ஒரு அமைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் பெல்ட் அச்சடிக்கலாம். அதனால் பணம் கட்டுமுன் புராஜெக்டுக்கு என்ன அத்தாட்சி கேட்பீர்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஏஎஸ்க்யூ என்ற தர அமைப்பு நடத்தும் பிளாக் பெல்ட் தேர்வுக்கு, கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தோடு இரண்டு புராஜெக்ட் வேண்டும். அல்லது ஒரு புராஜெக்டும் மூன்று வருட அனுபவமும் வேண்டும். க்ரீன் பெல்ட்டுக்கே மூன்று வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் பெல்ட் பயிற்சி நடத்துகிறது. சென்னையிலும் கோவையிலும் அதன் எஸ்க்யூசி (புள்ளியியல் தரக் கட்டுப்பாடு) பிரிவுகள் இருக்கின்றன, நேரில் போய் விசாரிக்கலாம். "நாங்க ஐஎஸ்ஓ அங்கீகாரம் பெற்றவங்க" என்ற பேச்சில் மயங்காதீர்கள். ஐஎஸ்ஓ தரநிலைகளை எழுதும் அமைப்பு, அது யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அவர்கள் மாட்டி வைத்திருக்கும் 9001 சான்றிதழ் அந்த ஆபீஸின் நிர்வாக முறைக்கு வேறொரு நிறுவனம் கொடுத்தது. உங்கள் கோர்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் சான்றிதழில் தங்கக் கலர் முத்திரையோடு க்யூஆர் கோடும் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் அவர்கள் வெப்சைட்டுக்கே போகிறது!

பணத்தைத் திருப்பிக் கேட்டால், கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று நான் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைக் காட்டுகிறார்கள். விளம்பரத்தில் சொன்ன வேலை உத்தரவாதம் அதில் எங்கேயும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்தப் பயிற்சி நிறுவனத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, லோன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "வேலைக்கு நாங்க பொறுப்பு" என்பதை அவர்கள் ஸ்டேட்டஸில்தான் போடுகிறார்கள், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.