ஓப்பன்-மீட்டியோ பைத்தான் நூலகம்: கொடிமலை ஏறுவோர் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குப் பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடந்து ஏறும் எங்கள் குழுவில் மூத்தவர்கள் பலர் இருப்பதால், மழை வருமா என்பதை முந்தைய இரவே புலனத்தில் (வாட்சப்பில்) தெரிவிக்கும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். நாள் முழுமைக்குமான ஒரு மேகப் படம் எங்களுக்குப் பயன்படாது. ஆறு முதல் பத்து மணி வரை மணிவாரியான எண்கள் வேண்டும். அதற்காக நான் எழுதிய சிறு நிரல், வானிலைத் தரவை வழங்கும் ஓப்பன்-மீட்டியோ இணையச் சேவையிலிருந்து, பைத்தான் நிரல்மொழிக்கான அதன் நூலகமான (ஆயத்த நிரல் தொகுப்பான) ஓப்பன்மீட்டியோ-ரிக்குவெஸ்ட்ஸ் வழியாகத் தரவைப் பெறுகிறது.

தொடங்குவது மிக எளிது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டிற்கு, நாளொன்றுக்கு 10,000 அழைப்புகளுக்குள் (தரவுக் கோரிக்கைகளுக்குள்), பதிவும் அணுகல் சாவியும் தேவையில்லை. விடை, வழக்கமான ஜேசன் என்னும் உரை வடிவில் அல்லாமல் பிளாட்பஃபர்ஸ் என்னும் கச்சிதமான வடிவில் வந்து, நேரே பைத்தானின் கணக்கீட்டு நூலகமான நம்பையின் எண் வரிசைகளாக மாறுகிறது. நான்கு மணி நேர முன்னறிவிப்புக்கு இதனால் பெரிய ஆதாயமில்லை. ஆனால் 1940 முதல் உள்ள பழைய தரவைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்கும்போது இதன் அருமை தெரியும். பெற்ற விடையை ஒரு மணி நேரம் சேமித்து வைக்கவும், இணைப்பு தவறினால் ஐந்து முறை மீண்டும் முயலவும் வேறு இரு நூலகங்களை இணைக்கும் முறையை அதிகாரப்பூர்வ எடுத்துக்காட்டே காட்டுகிறது. அதை அப்படியே பின்பற்றுவது நல்லது.

கவனம் தேவைப்படும் முதல் இடம் மாறிகளின், அதாவது மழையளவு, வெப்பநிலை போன்று நாம் கேட்கும் அளவுகளின் வரிசை. விடையில் மாறிகளைப் பெயரால் அல்லாமல் கேட்ட வரிசை எண்ணால் எடுப்பதே எடுத்துக்காட்டிலுள்ள வழக்கம். நான் ஒருமுறை மழையளவுக்கு முன்னால் வெப்பநிலையைச் சேர்த்துவிட்டு, கீழேயுள்ள எண்ணை மாற்றத் தவறினேன். 24 பாகை வெப்பநிலை 24 மில்லிமீட்டர் மழையாக வந்து நின்றது. இப்போது மாறிப் பெயர்களை ஒரே பட்டியலில் வைத்து, அதைக் கொண்டே கேட்கவும் படிக்கவும் செய்கிறேன்.

அடுத்தது நேரம். நேர மண்டலமாக ஆசியா/கோலாலம்பூர் என்று குறிப்பிட்டாலும், நூலகம் தரும் தொடக்க நேரம் யூடிசி என்னும் உலகப் பொது நேரக் கணக்கிலான வினாடிகளாகவே இருக்கும். அதை எட்டு மணி நேரம் கூட்டி மாற்றாவிட்டால், காலை ஏழு மணி மழை முந்தைய இரவு பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்துவிடும். அத்துடன், ஏழு மணிக்கு எதிரேயுள்ள மழையளவு ஆறிலிருந்து ஏழு வரை பெய்வதைக் குறிக்கிறது என்பதையும் மறக்கலாகாது. சுமத்ராவில் உருவாகி நீரிணையைக் கடந்து விடியற்காலையில் நம்மை அடையும் இடிமழையைக் கணிக்கும்போது, ஒரு மணி நேரத் தவறே மூத்தவர்களைப் பாதி மலையில் நனைய வைத்துவிடும்.

மலையைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 833 மீட்டர் என உயரத்தைக் கொடுத்தால், உச்சியின் வெப்பநிலையை அதற்கேற்பத் திருத்தித் தருகிறது. அடிவாரத்தைவிட ஏறத்தாழ ஐந்து பாகை குறைவாக வரும் அந்த எண், மேலே ஏறியவர்கள் உணரும் குளிர்ச்சியோடு பொருந்துகிறது. மழையில் இத்தகைய நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. 25 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் உலக வானிலை மாதிரி ஒன்றைத் தேர்ந்தால், 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பினாங்குத் தீவைவிட ஒரே கட்டம் இரு மடங்கு பெரிதாக இருக்கும். தீவின் மேற்கே பாலிக் புலாவில் கொட்டும் மழையையும் மலையின் கிழக்கு அடிவாரத்து ஆயர் ஈத்தாமில் அடிக்கும் வெயிலையும் அது எப்படிப் பிரித்துச் சொல்லும்?

ஆகவே, அரசின் திறந்த தரவுத் தளத்தில் மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் முன்னறிவிப்பையும் எச்சரிக்கைகளையும் இணையத்திலிருந்து தரவெடுக்கும் பைத்தானின் சாதாரண ரிக்குவெஸ்ட்ஸ் நூலகம் கொண்டு தனியே பெறுகிறேன். அதில் மணிவாரி எண்கள் இல்லை; காலை, பிற்பகல், இரவு என மூன்று பொழுதுகளுக்கு மலாய் மொழியில் சொற்களே உள்ளன. இருப்பினும், காலைக்கு எதிரே 'ரிபுட் பெதிர்' என்று இடிமழையைக் குறித்திருந்தால், ஓப்பன்-மீட்டியோ எவ்வளவு குறைந்த மழையைக் காட்டினாலும் அன்றைய நடையை நிறுத்திவிடுகிறேன்.