லைஃப்டைம் டாமராக் ஆங்லர் 100: முதல் மீன்பிடி கயாக்காக வாங்கலாமா?

அமெரிக்காவில் தூண்டிலோடு ஏரிக்கரையில் நின்று அலுத்துப்போய், கயாக் (துடுப்பு வலித்து ஓட்டும் ஒல்லியான சிறு படகு) ஒன்று வாங்கலாமே என்று தேடத் தொடங்குபவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் படகு இது. காலால் மிதித்து ஓட்டும், முழுதாக அமைத்த ஒரு பெடல் கயாக்கின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். வாங்கலாமா என்றால், உங்கள் எடை 75 கிலோவுக்குள் இருந்து, ஓட்டமில்லாத ஏரியிலோ குளத்திலோ மீன் பிடிப்பதாக இருந்தால் வாங்கலாம். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வேறு படகு பாருங்கள்.

நீளம் 10 அடி, அகலம் 31 அங்குலம், வெறும் படகின் எடை 52 பவுண்ட், அதாவது 23 கிலோவுக்குச் சற்று மேல். அடர் பாலிஎத்திலீன் உடல். மேலே உட்காரும் வகை. இருக்கைக்குப் பின்னால் உடலுக்குள் பதித்த இரண்டு தூண்டில் குழிகள், முன்னால் திருப்பி வைக்கக்கூடிய ஒரு தாங்கி, 6 அங்குல மூடியுள்ள இரண்டு அறைகள், முன்னும் பின்னும் எலாஸ்டிக் கயிறு, ஒரு துடுப்பு. இவை படகோடு வருகின்றன.

அது தாங்கும் எடை 275 பவுண்ட் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த எண்ணில்தான். 275 பவுண்ட் ஏற்றினால் படகு மூழ்காது, ஆனால் அதில் உட்கார்ந்து மீன் பிடிக்க முடியாது. சொன்ன அளவில் 70 சதவீதம்தான் வசதியான சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 190 பவுண்ட், 87 கிலோ. லைஃப் ஜாக்கெட், நங்கூரம், தூண்டில்கள், பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்தால் சாதாரணமாக 12 கிலோ வந்துவிடும். மிச்சம் 75 கிலோ. மேலே சொன்ன கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

சுமை மிஞ்சினால் முதலில் தெரிவது உட்காரும் இடத்தில்தான். தளத்தில் விழும் தண்ணீர் வெளியேற, படகை மேலிருந்து கீழ்வரை துளைத்துச் செல்லும் வடிகால் துளைகள் இருக்கின்றன. தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை தண்ணீர் அதன் வழியே இறங்கும். சுமையால் தளம் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அதே துளை வழியே தண்ணீர் மேலே ஏறும். படகு ஓட்டை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்களில் பலருடைய பிரச்சினை இதுதான். துளைகளுக்கு ரப்பர் அடைப்பான் கிடைக்கும். அமைதியான தண்ணீரில் அது உதவும். அலை உள்ள இடத்தில் எல்லாத் துளைகளையும் அடைத்தால், மேலே ஏறிய தண்ணீர் போக வழியின்றி அங்கேயே தேங்கி ஆளைக் கவிழ்க்கும்.

நம் கட்டுமரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், யாரும் அதை ஓட்டை என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுமரம் முழு மரம், இது வெறும் கூடு. அடியில் கீறல் விழுந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ கூட்டுக்குள் தண்ணீர் சேரும். அப்போதும் படகு மிதக்க, மூடி வழியே நுழைகிற அளவுக்கு, நீச்சல் குளத்தில் விற்கும் நுரைக் குழல்களை வெட்டி உள்ளே திணித்து வைப்பது நல்லது. செலவு சில டாலர்கள்தான்.

தட்டையான அடி என்பதால் உட்கார்ந்த நிலையில் படகு ஆடாது. பக்கவாட்டில் சாய்ந்து மீனைத் தூக்கலாம். நிற்பதற்கு 31 அங்குலம் போதாது, நிற்கவே வேண்டாம். 10 அடிப் படகு சிறு குளத்தில் சட்டென்று திரும்பும். பரந்த ஏரியில் எதிர்காற்று வந்தால் அதே குட்டை நீளம் கையை ஒடிக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வருவதே பாதுகாப்பான வழக்கம்.

மோசமான பாகம் இருக்கை. மெல்லிய பஞ்சு, தாழ்வான முதுகுத் தாங்கி. இரண்டு மணி நேரத்தில் இடுப்பு பேசத் தொடங்கிவிடும். நான்கு வாரில் கொக்கி மாட்டும், எந்தக் கயாக்குக்கும் பொருந்தும் இருக்கை ஒன்று, அடிப்பஞ்சு 2 அங்குலமாவது இருப்பதாக வாங்கி மாற்றினால் சரியாகிவிடும். சட்டம் போட்ட உயர நாற்காலியை இதில் பொருத்துகிற யோசனையை விட்டுவிடுங்கள். உடம்பு 5 அங்குலம் உயர்ந்தாலே இந்த அகலத்துக்குப் படகு தள்ளாடும்.

கூட வரும் துடுப்பை அளந்து பாருங்கள். இந்த அகலத்துக்கு 230 செ.மீ., ஆறடி உயரக்காரருக்கு 240 செ.மீ. வேண்டும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு வலிப்பிலும் விரல் முட்டி படகு விளிம்பில் இடிக்கும், தண்ணீர் மடியில் சொட்டும். 6 அங்குல அறைகள் கார் சாவிக்கும் கைபேசிக்கும்தான், அதுவும் தண்ணீர் புகாத பைக்குள் போட்டு. மூடியை நம்பாதீர்கள்.

அடுத்து வாங்க வேண்டியது நல்ல லைஃப் ஜாக்கெட். முதுகில் பஞ்சு மேலே மட்டும் இருக்கும் மீன்பிடி ரகம் எடுங்கள். சாதாரண ரகம் இருக்கையின் தாங்கியில் முட்டி மேலே ஏறும், எரிச்சலில் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவீர்கள். ஆளுக்கு ஒரு ஜாக்கெட் படகில் இருந்தாக வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி. ஒரு விசில், இருட்டினால் காட்ட ஒரு வெள்ளை விளக்கு இவையும் வேண்டும். விசிலை ஜாக்கெட்டிலேயே கட்டிவிடுங்கள்.

பின்பக்கப் பள்ளத்தில் வைக்க 13 அங்குலச் சதுரப் பால் கிரேட் போதும், இதற்கென்று விற்கும் பெட்டிகள் வீண் செலவு. ஒன்றரை அங்குல பிவிசி குழாயை 12 அங்குலத் துண்டுகளாக மூன்று வெட்டி, கிரேட்டின் பின்சுவரில் ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாக இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினால் மூன்று தூண்டில் நிற்கும். தூண்டில் நூல் சுற்றும் உருளையின் கால் உள்ளே இறங்க, குழாயின் வாயில் ஒரு வெட்டு விட வேண்டும். கிரேட் பள்ளத்தில் கச்சிதமாக உட்காராது. எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பாமல் இரண்டு வார் போட்டுக் கட்டுங்கள். பின்னால் நிற்கும் தூண்டில் மரக்கிளையில் மாட்டிப் பறிபோவது அன்றாட நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுக்கயிறு வேண்டும்.

நங்கூர விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மடக்கும் 3 பவுண்ட் நங்கூரம் ஏரிக்குப் போதும். ஆழத்தைப் போல மூன்று மடங்காவது கயிறு விட வேண்டும், 10 அடி ஆழத்தில் 30 அடி. காற்றடித்தால் இன்னும் கூடுதல். கயிற்றை இருக்கைக்குப் பக்கத்தில் கட்டுவதுதான் ஆபத்து. காற்றும் ஓட்டமும் படகைக் குறுக்கே திருப்பி விளிம்பை அமுக்கும், ஓடும் நீரில் நொடியில் கவிழும். கட்டு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை அங்கே எட்டாது. அதற்குத்தான் நங்கூரத் தள்ளுகயிறு: முன்முனையில் ஒரு சிறு கப்பி, பின்முனையில் ஒன்று, இரண்டையும் சுற்றிவரும் 25 அடி மெல்லிய கயிற்று வளையம், அதில் ஒரு இரும்பு வளையம், பக்கத்தில் கயிற்றைப் பூட்ட ஒரு பற்பிடி. நங்கூரக் கயிற்றை இரும்பு வளையத்துக்குள் விட்டு, அந்த வளையத்தை வேண்டிய முனைக்கு இழுத்துக்கொள்ளலாம்.

பாறை இடுக்கில் நங்கூரம் சிக்கினால்? கயிற்றை நங்கூரத்தின் அடிப்பக்க வளையத்தில் கட்டி, மேல்வளையத்தில் ஒரு மெல்லிய கேபிள் டையால் மட்டும் பிணையுங்கள். பலமாக இழுத்தால் டை அறுந்து நங்கூரம் தலைகீழாக வெளியே வரும். கத்தி ஒன்று ஜாக்கெட்டில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கூடுதல் பாகங்களைப் பொருத்த ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று முறையாவது தண்ணீரில் போய் வாருங்கள். எதை எங்கே வைத்தால் துடுப்பில் இடிக்காது என்பது வீட்டு முற்றத்தில் தெரியாது. டேப் ஒட்டிக் குறித்துவைத்துத் துடுப்பை வலித்துப் பாருங்கள். துளை நீர்மட்டத்துக்கு மேலேதான் வர வேண்டும். மெதுவான வேகத்தில் துளையுங்கள், வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகித் துளை பெரிதாகிவிடும். உள்ளே கை எட்டும் இடத்தில் துருப்பிடிக்காத போல்ட், அகல வாஷர், லாக் நட்டு. எட்டாத இடத்தில் உள்ளே மூன்றாகப் பிளந்து பிடிக்கும் ரிவெட், அதற்கு 3/16 அங்குலத் துளை. சாதாரண ரிவெட் இந்த மென்மையான பிளாஸ்டிக்கில் நாளடைவில் பிய்த்துக்கொண்டு வரும். பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் முழுதாகப் பிடிக்காது. சிலிக்கானைப் பூசிவிட்டு நீர் புகாது என்று நினைக்காமல், பாகத்துக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்து இறுக்குங்கள்.

மீன் காட்டும் கருவி முதல் ஆண்டுக்குத் தேவையில்லை. மின் மோட்டாரும் அப்படியே. மாட்டினால் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் பதிவு கட்டாயமாகிவிடும். மோட்டார் இல்லாமலே பதிவு கேட்கும் ஒஹையோ போன்ற மாநிலங்களும் உண்டு. மின்னசோட்டாவில் 10 அடிக்கு மேற்படாத துடுப்புப் படகுக்கு விலக்கு இருப்பதால், இது மயிரிழையில் தப்பிக்கிறது.

காரின் மேல் கட்டும்போது ராட்செட் வார் வேண்டாம். பற்சக்கரத்தால் இறுக்கும்போது அடி குழிந்துவிடும், வெயிலில் இன்னும் மோசம். கையால் இழுத்துப் பூட்டும் வார் இரண்டு, முன்முனைக்கும் பின்முனைக்கும் ஆளுக்கொரு கயிறு. வாரை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் வேகத்தில் அதிர்ந்து ஊளையிடாது. வடிகால் துளைக்குள் குச்சி செருகும் தள்ளுவண்டியையும் தவிர்க்கலாம். சாமானோடு தள்ளினால் துளையின் ஓரம் விரிசல் விடும், கூட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு அதுவும் ஒரு வழி.

சாமான் எதையும் ஏற்றுமுன், கழுத்தளவு தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழகுங்கள். கவிழ்ந்த படகின் மேல் எட்டி எதிர்விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துங்கள். பிறகு காலை உதைத்து வயிற்றால் குறுக்கே விழுந்து, இடுப்பைத் திருப்பி உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். எழுந்து முட்டி போட முயன்றால் மறுபடி கவிழ்வீர்கள்.

எடை 75 கிலோவுக்கு மேல் என்றால் பெர்செப்ஷன் பெஸ்கடோர் புரோ 12 பார்க்கலாம். 12 அடி, 375 பவுண்ட் தாங்கும், சட்டம் போட்ட உயர இருக்கை அதிலேயே வருகிறது. அதன் எடை 64 பவுண்ட். தனியாளாகத் தோள் உயரத்துக்குத் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.