விண்டோஸா, லினக்ஸா: படைப்பு வேலைக்கு எது கைகொடுக்கும்?

வேலை முடிந்ததும் கோப்பு யார் கைக்குப் போகிறது? விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான். முடிந்த பிடிஎஃப்போ வீடியோவோ மட்டும் கொடுத்தால் போதும் என்றால் லினக்ஸுக்குத் தாராளமாகப் போகலாம். லேயரோடு ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு, திறந்து திருத்த பிரீமியர் வீடியோ புராஜெக்ட் என்று கேட்பவர்களோடு வேலை என்றால் விண்டோஸிலேயே இருங்கள். அடோபி தன் ஃபோட்டோஷாப்பையும் பிரீமியரையும் லினக்ஸுக்குத் தரவில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நம்பிக் கெடுவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஓவியத்துக்குக் கிரிட்டா இரண்டிலும் ஒன்றேதான்; அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிற முறையிலேயே வரையவும் விடுகிறது. படம் திருத்தும் ஜிம்ப் 2025 மார்ச்சில் 3.0 ஆனபிறகு, போட்ட ஃபில்டரைப் பின்னால் மாற்ற முடிகிறது. ஆனால் பிஎஸ்டியில் உள்ள ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலப் படத்தை உள்ளேயே வைத்திருக்கும் லேயர்) அதில் அப்படியே வராது. அச்சு வேலை அதிகம் என்றால் ஜிம்ப்பை மட்டும் நம்பாமல் கிரிட்டாவையும், பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணக் காட்சி செய்யும் பிளெண்டருக்கும் வித்தியாசம் இல்லை, ஒரு சின்ன விஷயம் தவிர. விண்டோஸில் செய்த காட்சியை லினக்ஸில் திறந்தால் சில பொருள்கள் அடர் ஊதாச் சிவப்பாக நிற்கும். டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் போர்த்தும் படம், கிடைக்கவில்லை என்று அர்த்தம். லினக்ஸுக்குப் பெரிய ஆங்கில எழுத்தில் ‘பிஎன்ஜி’ என்று முடியும் படக்கோப்பின் பெயர் வேறு, சிறிய எழுத்தில் முடிவது வேறு. கோப்புப் பெயர்களை ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, கிளம்பும் முன்பே விண்டோஸில் எல்லாப் பாதைகளையும் சார்புப் பாதையாக (பிளெண்டர் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் முகவரியாக) மாற்றிச் சேமியுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது வீடியோவில். வீடியோ திருத்தும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் கேமராவின் எச்.264 வகை வீடியோக் கோப்பை நேராகத் திறக்கும், லினக்ஸில் திறக்காது. அதோடு வரும் ஏஏசி வகை ஒலியும் தகராறு செய்யும். கோப்பு வகை மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில், காட்சியை டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ, ஒலியை பிசிஎம், கோப்பை எம்ஓவி என்று மாற்றிக்கொண்டுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். முழு எச்டி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1.6 ஜிபி ஆகும்; வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நிற நுணுக்கம் கூடிய 10 பிட் காட்சிக்கு டிஎன்எக்ஸ்எச்ஆரிலேயே எச்க்யூஎக்ஸ் எடுங்கள். எச்க்யூ அதை 8 பிட்டாகக் குறைத்துவிடும், நிறம் திருத்தும்போது வானம் பட்டை பட்டையாகப் பிரியும். இந்த மாற்றும் வேலையே வேண்டாம் என்பவருக்கு, கேடென்லைவ் என்ற வீடியோ மென்பொருள் எம்பி4ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும். வெட்டி ஒட்டும் வேலைக்கு அது போதும். நிறத் திருத்தத்தில் ரிசால்வுக்கு ஈடில்லை. ரிசால்வ்தான் வேண்டும் என்றால் என்விடியா கார்டில் தொல்லை குறைவு.

ஒலிப்பதிவில் லினக்ஸ் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. ஆர்டர், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் இரண்டும் நேரடியாக ஓடுகின்றன. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயரில் 48,000 ஹெர்ட்ஸ், 128 ஃபிரேம் பஃபர் (ஒலி தற்காலிகமாகச் சேரும் இடம்) வைத்தால், அந்தப் பஃபரால் வரும் தாமதம் 2.7 மில்லிநொடிதான். இடையில் சடசடவென்று கேட்டால் 256 ஆக்குங்கள். விண்டோஸ் பிளகின்களை யாபிரிட்ஜ் என்ற கருவி வைன் வழியாக ஓட்டும். ஐலாக் என்ற உரிமப் பூட்டு உள்ளவை பெரும்பாலும் அடம்பிடிக்கும்.

கொஞ்ச நாள் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதே நல்லது. அப்போது இரண்டுக்கும் பொதுவான என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வட்டு அமைப்பு) வட்டில் லினக்ஸ் எழுத மறுத்தால், வட்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் விடுகிறது. பவர் அமைப்பில் அதை நீக்கி, விண்டோஸை ஒருமுறை ஷட்டவுன் செய்துவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள்.