பெரெஸின் கோடு, ராஸின் வண்ணம்

டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் இரண்டு சூப்பர்ஹீரோ படக்கதைத் தொடர்களில், ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ (1985-86) 12 இதழ்கள். ‘கிங்டம் கம்’ (1996) நான்கே இதழ்கள். முன்னதில் ஜார்ஜ் பெரெஸ் ஒரே பக்கத்தில் எத்தனை நாயகர்களை நெருக்கி வரைந்தாலும், நிற்கும் தோரணையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் மார்வ் வுல்ஃப்மேனின் கதை உலகம் உலகமாக ஓடுவதில் நமக்கு மூச்சு வாங்குகிறது. சூப்பர்கேர்ள் இறக்கும் 7-ஆம் இதழில்தான் நின்று அழவிடுகிறது.

கதையில் எனக்கு ‘கிங்டம் கம்’தான் மேல். அதை எழுதிய மார்க் வெய்டு எல்லாவற்றையும் நார்மன் மெக்கே என்ற வயதான பாதிரியாரின் கண்வழியே காட்டுகிறார். அந்தச் சாதாரண மனிதரின் பயம் நம்மையும் தொற்றுகிறது. அலெக்ஸ் ராஸ் தீட்டிய முகங்களில் சுருக்கம்கூடப் பேசுகிறது. சண்டைகள் மட்டும் சிலைபோல உறைந்துவிடுகின்றன. அங்கே பெரெஸின் துள்ளும் கோட்டை மனம் தேடுகிறது.