ஹெம்ப் விதை எண்ணெய்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் அதன் ஆய்வறிக்கையைப் பற்றி

விலை குறைந்திருப்பதைக் கண்ட தக்கலை நண்பர், நான் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா வகைச் செடி) விதை எண்ணெயைத் தாமும் வாங்கலாமா என்று கேட்டார். எண்ணெயில் எனக்குக் குறையில்லை. இது அடுப்பில் காய்ச்சுவதற்கு உரியதன்று. மரச்சீனிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியில் பச்சையாகச் சில துளி விட்டால் மிக நன்றாக இருக்கும். நம் மாவட்டத்து வெக்கையில் வெளியே வைத்தால் விரைவில் காறிவிடும் என்பதால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

என்னை ஓயாமல் உறுத்துவது குப்பியோடு வரும் ஆய்வறிக்கைதான். கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி என்ற வரிக்கு எதிரே 'கண்டறியப்படவில்லை' என்றிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிப்படி, மொத்த டிஎச்சி ஹெம்ப் விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமையும் விதை எண்ணெயில் 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. அறிக்கையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள கண்டறியும் வரம்போ, அதாவது அந்தச் சோதனையால் காண முடிந்த மிகக் குறைந்த அளவோ, 0.05 சதவீதம், அதாவது கிலோவுக்கு 500 மில்லிகிராம். விதி அனுமதிக்கும் அளவைப் போல் 40 மடங்கு இருந்தாலும் இந்த அறிக்கை இதே சொல்லைத்தான் சொல்லும். கொப்பரை நிறுக்கும் தராசில் மோதிரத்தை வைத்துவிட்டு எடையே இல்லை என்பதைப் போன்றது இது. ஹெம்ப் பயிருக்கு அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம் வகுத்த 0.3 சதவீத எல்லையைச் சரிபார்க்க இந்த நுண்மை போதும். உண்ணும் எண்ணெய்க்குப் போதாது.

சூட்டில் டிஎச்சியாக மாறும் டிஎச்சிஏ என்ற அமிலத்தின் அளவை 0.877 ஆல் பெருக்கி டிஎச்சியோடு கூட்டினால்தான் மொத்த டிஎச்சி கிடைக்கும். அமிலத்தைத் தனியே காட்டவல்ல எச்பிஎல்சி என்ற ஆய்வக முறையில் சோதித்ததாக எழுதிவிட்டு, அந்த அமிலத்துக்கென்று ஒரு வரிகூட அறிக்கையில் தரவில்லை.

நியாயமாகச் சொன்னால், தொகுதி எண் குப்பியோடு ஒத்துப்போகிறது. ஆய்வகம், ஆய்வகங்களின் தகுதியைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகியவற்றின் அளவுகள் உரிய அலகில் தெளிவாக உள்ளன. இவ்வளவு செய்யத் தெரிந்தவர்கள் முதன்மையான வரியை இப்படி விட்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. டிஎச்சி விதைக்குள் ஊறுவதன்று, பூவின் பிசின் விதைத் தோலில் ஒட்டி வருவது. விதையைத் தூய்மைப்படுத்தும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியிலும் அளவு மாறும் என்பதால் எண் தேவை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அதே தாளை மீண்டும் அனுப்பினார்கள்.

எண்ணெய் நல்லது என்று எழுதிய கையாலேயே, வாங்க வேண்டாம் என்று நண்பருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். அவர் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். 10 மில்லிகிராமுக்குக் கீழே அளக்கவல்ல முறையில் எடுத்த எண் அறிக்கையில் வரும்வரை நானும் அடுத்த குப்பியை வாங்கப் போவதில்லை.