எலும்புக்குள் வைக்கும் ஆன்டிபயாட்டிக் மணிகள்: குழந்தைகளுக்குப் போட்டவரை என் கருத்து

ஆன்டிபயாட்டிக் கலந்து எலும்புக்குள் வைத்துத் தைத்துவிடும் வெள்ளை மணிகளைப் பற்றிப் பெற்றோர்களும் ஜூனியர் டாக்டர்களும் அடிக்கடி கேட்கிறார்கள், ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நான் குழந்தைகளுக்கு எலும்பு ஆபரேஷன் செய்கிறவன். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை, பலர் விற்கிறார்கள், உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான்: சுத்தமான கால்சியம் சல்பேட் பவுடர், கலக்க ஒரு திரவம், குழிகுழியாக இருக்கும் ஒரு ரப்பர் அச்சு. பெரும்பாலான கிட்களில் ஆன்டிபயாட்டிக் கூடவே வராது, அதை நாம் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும்.

முதலில் இது யாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். திடீர்க் காய்ச்சல், காலை ஊன்ற மாட்டேன் என்று அழுகை, எலும்புக்குள் கிருமி போய்ச் சில நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் மணியும் வேண்டாம், பல நேரம் ஆபரேஷனே வேண்டாம். அந்த எலும்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, ரத்தம் ஓடும் இடத்துக்கு மருந்து தானாகவே போய்ச் சேரும். ஃபின்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் சில நாள் ஊசியும் பிறகு வாய்வழி மருந்துமாக மொத்தம் 20 நாள் கொடுத்த குழந்தைகள், 30 நாள் கொடுத்தவர்களுக்கு இணையாகவே குணமானார்கள். ஆகவே யாராவது முதல் வாரத்திலேயே "உள்ளே மருந்து வைத்துவிடலாம்" என்றால், ஏன் என்று கேளுங்கள்.

மணிக்கு வேலை வருவது நாள்பட்ட சீழில். சீழின் அழுத்தத்தில் எலும்பின் மேலுறை பிரிந்து, ரத்த ஓட்டம் அறுந்து, ஒரு துண்டு எலும்பு செத்துப்போய் உள்ளேயே கிடக்கும். சீக்வெஸ்ட்ரம் என்போம். அதன்மேல் கிருமிகள் பயோஃபிலிம் என்கிற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து இருந்தாலொழிய படலத்துக்குள் இருப்பது அசையாது. அவ்வளவு மருந்தை ட்ரிப்பில் ஏற்றினால் கிருமிக்கு முன்னால் சிறுநீரகமும் காதும் போய்விடும். வேங்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டி நின்றாலே சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்போம். அதே மருந்து மணியிலிருந்து கசியும்போது, அந்தக் குழிக்குள் மட்டும் முதல் சில நாள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ரத்தத்திலோ பெரும்பாலும் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. இந்தப் பொருளின் மொத்த சாமர்த்தியமும் இதுதான், நியாயமான சாமர்த்தியம்.

யோசனை புதிதும் இல்லை. ட்ரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892லேயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் (அதுவும் கால்சியம் சல்பேட்தான்) ஃபீனால் என்ற கிருமிநாசினியைக் கலந்து எலும்புக் குழிகளை அடைத்திருக்கிறார். 1970களில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்த்த அக்ரிலிக் சிமென்ட் மணிகளைக் கம்பியில் கோத்த மாலை வந்தது, ஒவ்வொரு மணியும் 7 மில்லிமீட்டர், 4.5 மில்லிகிராம் மருந்து. அந்த மாலை நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் கரையாது. சில வாரம் கழித்து மறுபடி மயக்கம் கொடுத்துத் திறந்து உருவ வேண்டும், தாமதித்தால் சதை வளர்ந்து கவ்விக்கொள்ளும், இழுத்தால் அறுந்துபோகும். மருந்தில் பெரும்பகுதி வெளியே வராமல் சிமென்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது என்பது இன்னொரு குறை. அப்படியே விட்டுவைத்தால் கடைசியில் கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் எதிர்ப்பைப் பழக்கிக் கொடுக்கப் போதுமான அளவில் கசிந்துகொண்டே இருக்கும்.

கால்சியம் சல்பேட் மணி கரைந்துவிடுகிறது. குழந்தைக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டாம். இரண்டாவது மயக்கம் இல்லை, இரண்டாவது தழும்பு இல்லை, அம்மாவிடம் மறுபடி கையெழுத்து வாங்கும் கட்டமும் இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வட்டம் வட்டமாகத் தெரியும், சில வாரத்தில் விளிம்பு மங்கும், நடுவில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும், இரண்டு மூன்று மாதத்துக்குள் அதுவும் போய்விடும். மணி இருந்த இடத்தில் எலும்பு வளர்ந்து நிரம்புவதை அடுத்தடுத்த படங்களில் பார்ப்பது இந்த வேலையில் கிடைக்கும் சின்ன சந்தோஷங்களில் ஒன்று.

கலப்பதுதான் கொஞ்சம் படுத்தும். வேங்கோமைசின் பவுடரை முதலில் காய்ந்த நிலையிலேயே சேர்த்துவிட்டு, திரவத்தை ஊற்றி அரை நிமிஷம் கட்டியில்லாமல் கிளறி, அச்சில் தேய்த்துக் குழிகளை நிரப்பிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். இறுகும் நேரத்தில் அச்சை அசைத்தால் மணி பொடிந்துபோகும். வேங்கோமைசின் மட்டும் என்றால் சீக்கிரம் இறுகும், ஜென்டாமைசின் திரவம் சேர்த்தால் நன்றாகத் தாமதமாகும், வேறு சில மருந்துகளைச் சேர்த்தால் இறுகவே இறுகாது. அதனால் காயத்தைச் சுரண்டி முடித்தபிறகு கலக்கச் சொன்னால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் தனி மேஜையில் ஆரம்பித்துவிடுவார். பிறகு அச்சைப் பின்பக்கம் வளைத்தால் மணிகள் பொலபொலவென்று கிண்ணத்தில் விழும். அந்தப் பழைய அக்ரிலிக் சிமென்ட் இறுகும்போது நன்றாகவே சூடேறும், சூட்டில் கெட்டுப்போகும் மருந்துகளை அதில் சேர்க்க முடியாது. இதில் அந்தப் பிரச்சினை இல்லை.

எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சருக்கு சாம்பிள் எடுக்கும் முன் மணியை வைத்துவிடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகளில் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான், ஆனால் சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) உள்ள குழந்தையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், அதன்மேல் வேங்கோமைசினுக்கு வேலையே கிடையாது.

இப்போது குறைகள். முதலாவது, கசிவு. மணி கரையும்போது தையல் வழியாக வெளிர்மஞ்சளாகவோ பால் மாதிரியோ நீர் வரும், சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் வரும். அது பெரும்பாலும் சீழ் இல்லை. ஆனால் சீழுக்காகவே ஆபரேஷன் செய்த கால், வீட்டுக்குப் போனபிறகு டிரெஸ்ஸிங் நனைந்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்புவது அநியாயம். காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் சிவப்பு, கூடும் வலி, ரத்தத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) ஏறுவது, இதெல்லாம் இல்லாத வெறும் கசிவு என்றால் டிரெஸ்ஸிங்கை மாற்றிக்கொண்டு காத்திருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வர வேண்டும். மணி எலும்புக்குழிக்குள் ஆழமாக இருந்து, மேலே சதை நன்றாக மூடியிருந்தால் கசிவு குறைவு, தோலுக்கு அடியிலேயே கொட்டிவிட்டால் கூடுதல்.

இரண்டாவது குறைதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது. எல்லாக் கணக்கும் பெரியவர்களுக்கானது. 10 மில்லி பவுடருக்கு 1 கிராம் வேங்கோமைசின், 240 மில்லிகிராம் ஜென்டாமைசின் என்பது புழக்கத்தில் உள்ள கலவை. பத்துக் கிலோ குழந்தைக்கு ஊசியாகப் போடும் ஜென்டாமைசின் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம். அதாவது ஒரு முழுப் பாக்கெட்டில் மூன்று நாளுக்கும் மேலான மருந்து. ஒரேயடியாக வெளியே வராது, சரி, ஆனால் முதல் இரண்டு நாளில்தான் அதிகம் வரும், அதே நேரம் ட்ரிப்பிலும் அதே மருந்து ஓடிக்கொண்டிருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் மருந்தின் ரத்த அளவையும் பார்த்தே தீர வேண்டும். அம்மா வழி உறவில் யாருக்காவது ஊசி போட்டபிறகு காது கேட்காமல் போயிற்றா என்றும் நான் கேட்பேன். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபு மாற்றத்தால் சிலருக்கு ஜென்டாமைசின் வகை மருந்து கொஞ்சம் போட்டாலே செவி போய்விடும், அது தாய்வழியாக வருவது. கால்சியமும் அப்படித்தான், அதிக மணி வைத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம், சின்ன உடம்பில் கொஞ்சமே அதிகம்.

மூட்டுக்குள் வைக்க மாட்டேன், எலும்பு நீளமாக வளரும் வளர்ச்சித் தட்டின் குறுக்கே அடைக்கவும் மாட்டேன். எடை தாங்கும் பலம் மணிக்குக் கிடையாது, மாவுக்கட்டோ பிரேஸோ கட்டாயம். அப்புறம், குழந்தைகளைப் பற்றி வெளிவந்திருப்பவை பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய தொகுப்புகள், ஆகவே "நிரூபிக்கப்பட்டது" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். செத்த எலும்பை மிச்சம் வைத்துவிட்டு மேலே மணியைக் கொட்டிய கேஸ்கள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், அதில் மணியின் தப்பு ஒன்றும் இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எடைவாரியான ஒரு அட்டவணையும், திறந்ததில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிராத அளவுக்குச் சின்னப் பாக்கெட்டும் வந்தால் ஐந்து.